முதலில் உயிர்க்கணக்கு, பின்னரே கனிமக்கணக்கு

(கொல்லிமலை, திண்ணனூர் நாட்டில் ஊர்மக்கள் கூடிய அவையில் ஆற்றப்பெற்ற பொழிவு)



கொல்லிமலை தமிழர்க்குப் புதிய மலையன்று. கழக இலக்கியத்தில் மீண்டும் மீண்டும் பாடப்பெற்ற மலை இது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலை. அவன் வில்லாற்றலை வன்பரணர் புறநானூற்றில் பாடியுள்ளார். ஓரி விட்ட அம்பு ஒன்றே. அஃது யானையை வீழ்த்திற்று, புலியை ஊடுருவிற்று, புள்ளிமானை உருட்டிற்று, பன்றியைச் சாய்த்தது, இறுதியில் அயலிருந்த புற்றிற் கிடந்த உடும்பின்மேல் தைத்து நின்றது. இதுவே அப் பாட்டின் செய்தி.

இதனைப் படிப்போர் வில்லின் புகழை மட்டுமே காண்பர். ஆயின் அப் பாட்டினுள் வேறொரு செல்வமும் பொதிந்துள்ளது. களிறு, உழுவை, கலை, கேழல், உடும்பு என அஃது ஓர் உயிர்க்கணக்கு. புலவர் தம் காலத்து மலைக்காட்டில் எவை எவை வாழ்ந்தன என்று எண்ணிப் பெயர் சொல்லி வைத்துச் சென்றார். அவ் ஐந்தனுள் யானையும் புலியும் இன்று கொல்லிமலையில் வாழ்வன அல்ல. ஓரியின் அம்பா அவற்றை அழித்தது? அன்று. அம்பு ஓர் உயிரைக் கொல்லும். ஓர் இனத்தைக் கொல்லாது. இனத்தைக் கொல்வது வாழிடத்தின் அழிவு. காடு சுருங்கினால் வேட்டுவன் ஒருவனும் இல்லாமலே விலங்கினம் அற்றுப்போகும். மலைமுகட்டை வெட்டி எடுக்கும் சுரங்கமோ வாழிடத்தைச் சுருக்குவதோடு நில்லாது, அதனை வேரோடு பெயர்த்துக்கொண்டே போய்விடும்.

எனவே, புதிய சுரங்கம் ஒன்று திட்டமிடப்படும்போது, அழிவின் விளிம்பில் நிற்கும் உயிரினங்களை எவ்வாறு காப்பது என்னும் வினா, பொழுதுபோக்காகப் பறவை பார்ப்போரின் வினாவன்று. அது மலைமக்களின் வினா, தமிழ்நிலத்தின் வினா, தமிழ்மொழியின் வினாவுங்கூட.

மலைமுகடுகள் என்னும் தீவுகள்

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத்தொடர் மலைநிரையில், ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் மேட்டுநிலமாக விரிந்து கிடப்பது கொல்லிமலை. திண்ணனூர் நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என நாடு நாடாகப் பகுத்து, மலையாளி என்னும் பழங்குடி மக்கள் வழிவழியாக வாழ்ந்துவரும் நிலம். சுற்றிலும் வெயில் கொளுத்தும் தாழ்நிலம். மேலே குளிரும் பனியும் முகிலும். தாழ்நிலத்து வெப்பத்தைத் தாங்கமாட்டாத சிற்றுயிர்கள் இம் மேட்டைவிட்டு இறங்கி அடுத்த மலைக்குச் செல்லவும் இயலா. கடலுக்கு நடுவே தீவு எப்படியோ, வெம்மைக்கு நடுவே இம் மலைமுகடு அப்படி. உயிரியலறிஞர் இத்தகைய மலைகளை வானத்தீவுகள் என்றே அழைக்கின்றனர்.

தீவில் நெடுங்காலம் தனித்து வாழும் உயிர் தனியினமாக மாறிவிடும். கொல்லிமலையிலும் அதுவே நிகழ்ந்துள்ளது. 2019ஆம் ஆண்டில் உயிரியலறிஞர் சிலர் தென்னாட்டு மலைமுகடுகளில் வாழும் மெல்லுடற் பல்லிகளை ஆராய்ந்து, அதுவரை அறிவியல் அறியாத மூன்று இனங்களுக்குப் பெயரிட்டனர். அவற்றுள் ஒன்று இம் மலையிற் கண்டது. அதன் அறிவியற் பெயரிலேயே கொல்லி என்னும் தமிழ்ச்சொல் பதிந்துள்ளது. விரல்நீளமே உடையது, இரவில் இயங்குவது. ஓரியும் கொல்லிப்பாவையும் ஏட்டில் ஏற்றிய பெயரை, இரண்டாயிரம் ஆண்டு கழித்து ஒரு பல்லி உலக அறிவியலில் ஏற்றியிருக்கின்றது!

அதற்கு ஆறாண்டு முன்னர், 2013இல், நாமக்கல் மாவட்டத்து மலைப்பகுதியிலிருந்தே புதிய மண்வாழ் பாம்பினம் ஒன்று அறியப்பட்டது. வால்நுனி கேடயம் போல் தடித்திருப்பதால் இவ்வகையைக் கேடயவாற் பாம்பு என்பர். இது நஞ்சற்றது, மண்ணைத் துளைத்து மண்புழுவை உண்டு வாழ்வது. மேல்மண்ணே இதற்கு வீடு, வழி, உணவு எல்லாம். மழை பெய்து மண் நனைந்தபோதுதான் மேலே தலைகாட்டும்.

இவை மட்டுமா? எண்கு என்று பழந்தமிழர் சொன்ன கரடி, எறும்புப் புற்றைத் தோண்டி உழவனுக்கு உதவும் அழுங்கு, பாறையிடுக்கில் வேரோடும் மாகாளிக்கிழங்கு எனக் கிழக்குத்தொடர் மலைகளை நம்பி வாழும் உயிர்கள் பல. அழுங்கும் மாகாளிக்கிழங்கும் உலக இயற்கைக் காப்பு ஒன்றியம் வகுத்த பட்டியலில் அழிவை எதிர்நோக்கும் இனங்கள். அழுங்கின் செதிலுக்காகத் திருட்டு வேட்டையும், கிழங்கின் மணத்துக்காக வேரோடு அகழ்தலும் அவற்றை முன்னரே குறைத்துவிட்டன.

காட்டுயிர்க்கே இக் கணக்கு முடிந்துவிடவில்லை. கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை, திரிகுலாச் சாமை என இம் மலைமக்கள் வளர்த்துக் காத்த சாமை வகைகளும் உயிரினச் செல்வமே. ஆலைக்குச் செல்லும் மரவள்ளி பரவப் பரவ இவற்றின் நிலம் சுருங்கிவந்ததை இங்குள்ள முதியோர் நன்கறிவர். விதையைக் காத்தவர் மலைமக்கள். கோயிற்காட்டில் கோடரி படாமல் மரத்தைக் காத்தவரும் அவர்களே. அரசு காட்டுயிர்க் காப்புச் சட்டத்தை இயற்றியது 1972இல். கோயிற்காட்டில் கிளை ஒடிக்கலாகாது என்னும் கட்டளை அதற்கு எத்தனையோ தலைமுறை முந்தியது.

கல்லன்று, நீர்த்தொட்டி

கொல்லிமலையின் முகடுகளில் பாக்சைட்டு என்னும் அலுமினியக் கனிமம் உள்ளது. அஃது எவ்வாறு உண்டாயிற்று என்பதை அறிந்தாலே அதனை வெட்டுவதன் கேடு விளங்கும். பன்னெடுங்காலமாக மழைநீர் பாறையில் ஊறி, அதிலுள்ள மணற்சத்தைக் கரைத்துக்கொண்டு போயிற்று. கரையாத அலுமினியமும் இரும்புமே முகட்டில் எஞ்சிச் செந்நிறப் படலமாக நின்றன. இப் படலம் துளைமிக்கது. மழைக்காலத்தில் நீரை உறிஞ்சும்; தன் அடியிலுள்ள களிமண்ணின்மேல் அதனைத் தேக்கும்; பின்னர்ச் சரிவில் சுனையாகச் சிறிது சிறிதாகக் கசியவிடும்.

ஆகவே சுரங்கத்தார் கனிமம் என்று அளக்கும் அதே படலந்தான் மலைமக்களுக்கு நீர்த்தொட்டி. அதனை வெட்டி எடுத்தபின் பெய்யும் மழை தங்க இடமின்றி ஓடும். மழைநாளில் வெள்ளமும் கோடைநாளில் வறட்சியுமாகும். இம் மலைநீர் ஐயாறாகப் பெருகி, 300 அடி உயர அருவியாக வீழ்ந்து, புளியஞ்சோலை வழியாக இறங்கிக் காவிரிச் சமநிலத்துக்குச் செல்கின்றது. முகட்டில் விழும் வெட்டு முகட்டோடு நிற்பதில்லை.

மேட்டூர் சொல்லும் பாடம்

இம் மலைக்குச் சுரங்கம் வெறும் அச்சமாக இருந்ததன்று, நடந்த வரலாறு. மேட்டூரில் 1965இல் உற்பத்தி தொடங்கிய மதராசு அலுமினியக் குழுமத்தின் ஆலைக்குச் சேர்வராயன் மலையிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் பாக்சைட்டு வெட்டிச் செல்லப்பட்டது. 1995இல் அவ் ஆலை, இன்று வேதாந்தா என வழங்கும் குழுமத்தின் கைக்குச் சென்றது. 2008இன் இறுதியில் உருக்குவேலை நிறுத்தப்பட்டது. மலையில் வெட்டும் நின்றது.

இதிலிருந்து கொள்ளத்தக்க செய்திகள் இரண்டு. முதலாவது, வெட்டு நடந்த காலம் முழுவதும் கொல்லிப் பல்லிக்குப் பெயரே இல்லை. 2019இல் பெயர் பெற்ற உயிரை, 2008க்கு முன் யார் கணக்கில் வைத்திருக்க முடியும்? வெட்டிய முகடுகளில் அதுபோல் இன்னும் எவை எவை வாழ்ந்தன, எவை பெயர் பெறாமலே மறைந்தன என்பதை இனி எவரும் சொல்ல இயலாது. இரண்டாவது, ஆலை நின்றபோது வேலையும் நின்றது. வேலை வரும், வளம் வரும் என்பதே சுரங்கத்தை ஆதரிப்போர் முதலிற் சொல்வது. வந்த வேலை போய்விட்டது. போன முகடு வரவில்லை. எஞ்சிய கனிமமோ இன்னும் மலையிலேயே கிடக்கின்றது. விலை ஏறும் நாளில் மீண்டும் ஒரு வரைபடத்தோடு எவரேனும் மலையேறி வரக்கூடும். அன்று விழிப்பது காலந்தாழ்ந்த விழிப்பு. இன்றே நெறிமுறையை வகுத்துவைத்தல் வேண்டும்.

கணக்கெடுப்பில் உள்ள மூன்று குறைகள்

சுரங்கத்துக்கு இசைவு தருமுன் சூழலுக்கு நேரும் கேட்டை ஆராய்ந்து அறிக்கை அணியப்படுத்த வேண்டும் என்பது 1994 முதல் உள்ள கட்டளை. 2006இல் அது திருத்தி அமைக்கப்பட்டது. கட்டளை இருக்கின்றது, ஆயின் உயிர் காக்கப்படவில்லை. ஏன்?

முதற்குறை, காலக்குறை. பெரும்பாலும் மழையல்லாத ஒரு பருவத்தில், மூன்று திங்கள் அளவிற் கணக்கெடுத்தால் போதும் என்று கொள்ளப்படுகின்றது. கேடயவாற் பாம்பு தலைகாட்டுவது மழையில். தவளை ஒலிப்பது மழையில். மண்ணடிக் கிழங்கு துளிர்ப்பதும் மழையில். மழை ஓய்ந்தபின் வந்து, வறண்ட மண்ணைப் பார்த்து, "இங்குக் குறிப்பிடத்தக்க உயிரினம் இல்லை" என்று எழுதுவது, நள்ளிரவில் பள்ளிக்குச் சென்று மாணவரே இல்லை என்று எழுதுவது போலாகும்.

இரண்டாவது, கூலிக்குறை. அறிக்கை அணியப்படுத்தும் ஆய்வாளரைத் தேர்ந்தெடுப்பவரும் அவர்க்குப் பணம் கொடுப்பவரும் சுரங்கம் வெட்ட விரும்புவோரே. வழக்காடும் இருவருள் ஒருவரிடமே கூலி பெறும் நடுவர் எவ்வளவு நேர்மையாளராயினும், அவர் தீர்ப்பின்மேல் ஐயம் எழாமற் போகுமா?

மூன்றாவது, மொழிக்குறை. தமிழர் சிறப்பாகக் கருதவேண்டியது இது. முழு அறிக்கை ஆங்கிலத்தில் அமைகின்றது. மக்கள் மொழியில் கிடைப்பது சுருக்கம் மட்டுமே. எந்த முகட்டில் எந்த உயிர் வாழ்கின்றது, எந்தச் சுனை எந்தத் திங்களில் வற்றும் என்று பிறந்தநாள் முதல் அறிந்தவர் மலைமக்கள். அவர்களிடம் அழுங்கு என்றால் அதன் அளையைக் காட்டுவர். எண்கு என்றால் அது தேனெடுக்கும் மரத்தைக் காட்டுவர். அறிக்கையிலோ அவ்வுயிர்கள் இலத்தீனப் பெயரணிந்து, எவருக்கும் விளங்காத பின்னிணைப்பில் கிடக்கின்றன. அறிந்தவன் படிக்க முடியாத அறிக்கை; படிப்பவன் அறியாத மலை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில்தான் உயிரினங்கள் விழுந்து மடிகின்றன.

இது மிகைக்கூற்றன்று. 2020 மார்ச்சில் நடுவணரசு சூழல் தாக்க ஆய்வுக்குப் புதிய வரைவு ஒன்றை வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்டது. எம் மொழியில் கேட்டது? ஆங்கிலத்திலும் இந்தியிலும். அவ் வாண்டு சூன் 30 அன்று தில்லி உயர் முறைமன்றம், அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் அதனைப் பெயர்த்து வெளியிடுமாறு ஆணையிட்டது. நடுவணரசோ அதனை நிறைவேற்றாமல் உச்ச முறைமன்றத்தின் படியேறியது. மக்களின் மலையைப் பற்றி மக்களின் மொழியிற் பேசு என்று சொல்வதற்கே முறைமன்றம் செல்லவேண்டிய நிலையில் தமிழர் வாழ்கின்றனர்.

மொழிக்கும் உயிருக்கும் உள்ள உறவு இதனினும் ஆழமானது. நிலைத்திணை ஒன்று அற்றால் அதன் பெயர் அகரமுதலியில் மட்டும் உயிர்வாழும். சில தலைமுறை கழிந்தால், "ஒருவகை மரம்", "ஒருவகைப் பறவை" என்று பொருள் எழுதிவைக்கும் நிலை வரும். கழக இலக்கியச் சொற்கள் பலவற்றுக்கு இன்று அவ்வாறுதான் பொருள் எழுதப்படுகின்றது. வருடையும் எண்கும் ஆமானும் வெறுஞ்சொற்களாகாமல் நிற்க வேண்டுமாயின், வரையாடும் கரடியும் காட்டுமாடும் மலையில் நிற்க வேண்டும். சொல்லைக் காப்போம் என்போர் அச் சொல் சுட்டும் பொருளையும் காத்தாக வேண்டும்.

அரிட்டாபட்டியும் காவிரிச் சமநிலமும்

விழித்தெழுந்த மக்களின் குரல் வீண்போவதில்லை என்பதற்கு அண்மைக்காலச் சான்றுகள் உள்ளன.

மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி ஏழு குன்றுகளும் 72 நீர்நிலைகளும் இருநூறு ஊற்றுகளும் கொண்ட ஊர். அங்குத் தமிழி எழுத்துக் கல்வெட்டும் சமணர் கற்படுக்கையும் உள்ளன. பாண்டியர் காலக் குடைவரைக் கோயிலும் உள்ளது. ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் அங்குக் காணப்பெறுகின்றன. வல்லூறுகளும் கழுகும் குன்றுகளில் கூடுகட்டுகின்றன. அழுங்கும் தேவாங்கும் மலைப்பாம்பும் வாழ்கின்றன. இவற்றைக் கருதியே தமிழ்நாட்டரசு 2022 நவம்பரில் 193.215 எக்டேர் நிலத்தைப் பல்லுயிர் மரபிடமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் அவ்வாறு அறிவிக்கப்பெற்ற முதலிடம் அதுவே.

இரண்டே ஆண்டுகள் கழிந்தன. 2024 நவம்பர் 7 அன்று, அம் மரபிடத்தின் பகுதியையும் உள்ளடக்கிய 2015.51 எக்டேர் நிலம் டங்சுடன் கனிமத்துக்காக நடுவணரசால் ஏலத்தில் இந்துசுத்தான் துத்தநாகக் குழுமத்துக்கு உரியதாக அறிவிக்கப்பட்டது! 2023இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டத்தின்படி இத்தகைய இன்றியமையாக் கனிமங்களை ஏலம் விடும் உரிமை நடுவணரசின் கைக்குச் சென்றுவிட்டதே இதற்கு வழியமைத்தது. மரபிடம் என அறிவித்தது ஓர் அரசு. ஏலம் விட்டது மற்றோர் அரசு. வாழ்ந்து கொண்டிருப்பவரோ ஊர்மக்கள். அவர்கள் வாளாவிருக்கவில்லை. ஊரவைகள் எதிர்த்து முடிவு செய்தன. திசம்பர் 9 அன்று தமிழ்நாட்டுச் சட்டமன்றம் ஒருமித்து எதிர்த்தது. 2025 சனவரி 7 அன்று மேலூர்ப் பகுதி மக்கள் ஆயிரக்கணக்கில் மதுரை நோக்கி நடந்தனர். சனவரி 23 அன்று நடுவணரசு ஏலத்தை நீக்கியது.

நிலக்கரியிலும் இவ்வாறே நேர்ந்தது. 2023இல் நடுவணரசு வெளியிட்ட நிலக்கரி ஏலப்பட்டியலில் தஞ்சை மாவட்டத்து வடசேரியும் அரியலூர் மாவட்டத்து மைக்கேல்பட்டியும் கடலூர் மாவட்டத்துச் சேத்தியாத்தோப்புக் கிழக்கும் இடம்பெற்றிருந்தன. காவிரிச் சமநிலத்து உழவர் கொதித்தெழுந்தனர். முதலமைச்சர் ஏப்பிரல் 4 அன்று மடல் எழுதினார். அத் திங்கள் 8ஆம் நாள் மூன்று நிலப்பகுதிகளும் பட்டியலினின்று நீக்கப்பட்டன.

இவ் இரண்டு நிகழ்ச்சிகளிலும் மக்கள் வென்றனர். ஆயினும் எண்ணிப்பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. இரண்டிலும் ஏலம் முன்னே வந்தது; எதிர்ப்பு பின்னே வந்தது; உயிர்க்கணக்கு வரவேயில்லை. வரைபடத்தில் கோடு கிழித்தவர்க்கு அக் கோட்டினுள் வல்லூறு கூடு கட்டியிருக்கின்றதா, நெல் விளைகின்றதா என்பது பொருட்டாகவில்லை. ஒவ்வொரு முறையும் மக்கள் வீதிக்கு வந்துதான் தம் நிலத்தைக் காக்கவேண்டும் என்றால், வீதிக்கு வர ஆளில்லாத மலைகளின் கதி என்ன?

மேலும், 2025 செப்டம்பரில் நடுவணரசின் சூழல் அமைச்சகம், அணுக்கனிமச் சுரங்கங்களுக்கும் இன்றியமையாக் கனிமச் சுரங்கங்களுக்கும் மக்கள் கருத்துக் கேட்பே வேண்டா என விலக்களித்துவிட்டது. டங்சுடன் அவ் இன்றியமையாக் கனிமப் பட்டியலில் உள்ளது. பாக்சைட்டு இன்று அதில் இல்லை. பட்டியல் நீளாது என்பதற்கு எவர் உறுதி தருவார்?

பிற நாடுகள் காட்டும் வழி

இதே பாக்சைட்டுக்காக, இதே கிழக்குத்தொடர் மலையின் வடபகுதியில், ஒடிசாவின் நியமகிரி மலை குறிவைக்கப்பட்டது. தோங்கிரியா கோந்து என்னும் பழங்குடியினர் அம் மலையையே தம் இறையாகப் போற்றுவோர். 2013 ஏப்பிரல் 18 அன்று உச்ச முறைமன்றம், மலைமக்களின் ஊரவைகளே இதனை முடிவு செய்யட்டும் எனத் தீர்ப்பளித்தது. அவ் வாண்டு கூடிய 12 ஊரவைகளும், ஒன்றுகூடப் பிறழாமல், சுரங்கம் வேண்டா என்றன. 2014 சனவரியில் நடுவணரசு இசைவை மறுத்தது. கற்றோர் பலர் கூடிய அவைகள் அல்ல அவை. மலையை அறிந்தோர் கூடிய அவைகள்.

சுரங்கத்தின் கேடு வெட்டிய குழிக்குள் அடங்கிவிடும் என்போர்க்கு இந்தியப் பெருங்கடலிலுள்ள கிறித்துமசுத் தீவு விடைகூறும். அங்குக் காட்டின் உயர்மரங்களிற் கூடுகட்டும் பெருங்கடற்பறவை ஒன்று உண்டு. உலகில் வேறெங்கும் இன்று அது முட்டையிடுவதில்லை. ஒருமுறைக்கு ஒரே முட்டை. எருவுக்கான கனிமம் வெட்டுவதற்காகக் காடு அழிக்கப்பட்டது. வெட்டிய இடத்து மரம் போனதோடு கேடு நிற்கவில்லை. வெட்டவெளியின் ஓரத்தில் நின்ற மரங்களிலும் காற்றுச்சுழற்சி மிகுந்து, குஞ்சுகள் கூட்டினின்று வீழ்ந்து மடிந்தன. 1980இல் தீவின் ஒரு பகுதி காப்புக்காடாக்கப்பட்டது. காப்பு, கேட்டிற்குப் பின்னர் வந்தமையால், அழிந்த உயர்மரக்காடு இன்னும் முழுமையாகத் திரும்பவில்லை.

ஒரு மறுப்பும் விடையும்

"இரும்பும் அலுமினியமும் மின்னாற்றலும் இன்றி இன்றைய வாழ்வு நடக்குமா? பல்லிக்காகவும் பாம்புக்காகவும் தொழிலை நிறுத்துவதா?" எனச் சிலர் வினவலாம். முறையான வினா, இகழ்ந்து தள்ளத்தக்கதன்று.

மாழை வேண்டும். ஆயின் அலுமினியம் ஒருமுறை எடுத்தால் தேய்ந்தொழியும் பொருளன்று. உருக்கி உருக்கி மீண்டும் மீண்டும் பயன்கொள்ளத்தக்கது. ஒரு தொன் அலுமினியத்தைப் புதிதாக எடுக்க ஏறத்தாழ 4 முதல் 5 தொன் பாக்சைட்டும் 14,000 அலகு அளவிலான மின்னாற்றலும் வேண்டும். பழைய அலுமினியத்தை உருக்குவதற்கோ அம் முயற்சியின் ஆற்றலில் நூற்றுக்கு ஐந்து பங்கே போதும். எறிந்த ஏனங்களைத் தொகுத்து உருக்கும் ஆலைக்கு மலைமுகடு வேண்டியதில்லை. கனிமம் பல இடங்களில் உண்டு. கொல்லிப் பல்லிக்கு மலை இது ஒன்றே. பல இடங்களிற் கிடைப்பதற்காக ஓரிடத்தில் மட்டுமே உள்ளதை அழித்தல் எந்தக் கணக்கிலும் ஊதியமாகாது.

வெட்டிய காட்டுக்கு ஈடாக வேறிடத்தில் மரம் நடுவோம் என்பதும் இங்குப் பொருந்தாது. தாழ்நிலத்தில் நட்ட தைலமரத் தோப்பில் கேடயவாற் பாம்பு குடியேறாது. ஈடு என்பது ஒத்ததைத் தருவது, ஒப்பில்லாததற்கு ஈடில்லை.

செய்யத்தக்கன

புதிய சுரங்கம் எதுவாயினும், நிலக்கரியாயினும் பாக்சைட்டாயினும் டங்சுடனாயினும், திட்டமிடுமுன் நிறைவேற்றப்பட வேண்டியனவாக ஐந்து வேண்டுகைகளை இவ் அவை முன்வைத்தல் தகும்.

ஒன்று: ஏலத்துக்கு முன்னரே உயிர்க்கணக்கு எடுக்கப்பட வேண்டும். நால்வகைப் பருவத்திலும், சிறப்பாக மழைக்காலத்தில், இரவிலும் பகலிலும் எடுக்கப்பட வேண்டும்.

இரண்டு: கணக்கெடுப்போர்க்குரிய பணம் அரசின் பொதுவைப்பிலிருந்து தரப்பட வேண்டும்; சுரங்கத்தார் கையிலிருந்து நேரே செல்லலாகாது.

மூன்று: ஓரிடத்தில் மட்டுமே வாழும் இனமும் ஊற்றுக்கண்ணும் கோயிற்காடும் உள்ள முகடுகள் எக் காலத்தும் வெட்டலாகாத நிலம் என முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும். கேட்டைத் தவிர்த்தலே முதல் நெறி, குறைத்தல் அடுத்தது, ஈடுசெய்தல் வேறு வழியே இல்லாத இடத்து இறுதியானது. இவ் வரிசை மாறலாகாது.

நான்கு: முழு அறிக்கையும் தமிழில் இருக்க வேண்டும். உயிரினங்களின் பெயர் ஊர்வழக்குப் பெயரோடு எழுதப்பட வேண்டும். கருத்துக் கேட்பிலிருந்து எக் கனிமத்துக்கும் விலக்களிக்கலாகாது.

ஐந்து: மலைமக்களின் ஊரவை ஒப்பினாலன்றி மலையில் ஒரு பாரையும் இறங்கலாகாது. தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட நிலம் எதுவும் இல்லை. ஆதலின் பிற மாநிலப் பழங்குடி ஊரவைகளுக்கு அவ் வழியில் வாய்த்த உரிமை கொல்லிமலைக்கு வாய்க்கவில்லை. 2006ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டம் ஒன்றே கையிலுள்ள கருவி. அதனைக் கூர்மையாக்கிக் கொள்ளல் வேண்டும்.

இவை ஐந்தும் அரசிடம் வேண்டுவன. ஊர்மக்கள் தாமே செய்துகொள்ளத்தக்கதும் ஒன்று உண்டு. அதற்கு எவருடைய இசைவும் வேண்டியதில்லை. ஒவ்வொரு நாட்டிலும் உயிர்ச்சுவடி ஒன்று எழுதப்படட்டும். பல்லுயிர்ச் சட்டம் 2002இல் வந்தபின் ஊர்தோறும் இத்தகைய பதிவேட்டுக்கு இடமுண்டு. எந்தச் சுனை எந்த மரத்தடியில் உள்ளது, எந்தப் பாறையில் எந்தக் கிழங்கு, எந்தப் பருவத்தில் எந்தப் பறவை, எந்தக் காட்டில் எந்தத் தெய்வம் என்று முதியோர் சொல்ல, பள்ளிப் பிள்ளைகள் தூய தமிழில் எழுதட்டும். நாளை வரைபடத்தோடு வருவோர், "இங்கு ஒன்றும் இல்லை" என்று சொன்னால், அச் சுவடியை அவர்முன் விரித்துக் காட்டலாம்.

வன்பரணர் ஐந்து உயிர்களை எண்ணிப் பாட்டில் வைத்தார். அவற்றுள் இரண்டை இம் மலை இழந்தது. எஞ்சிய மூன்றும், அவர் அறியாமல் விட்ட பல்லியும் பாம்பும், இனிப் பெயர் பெறவிருக்கும் எத்தனையோ உயிர்களும், ஏட்டில் மட்டும் வாழ்வனவாகப் போய்விடலாகாது. மலை வாழ்ந்தால் மக்கள் வாழ்வர். மக்கள் வாழ்ந்தால் மொழி வாழும்.

கொல்லிமலை வாழ்க! மலைமக்கள் வாழ்க! வெல்க தமிழ்!